வேலிக்கு யார் காவல்?

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டிய லாவ்சிட்ஸ் வட்டாரத்தில், கடைசி ஓநாய் என்று பெயர்பெற்ற ஒன்றை 1904-இல் சுட்டுக் கொன்றார்கள். அதே வட்டாரத்து ராணுவப் பயிற்சி நிலமொன்றில் 2000-ஆம் ஆண்டு ஓநாய்க் குட்டிகள் பிறந்தன. இடைப்பட்ட நூறாண்டில் அங்கே ஆடு வளர்க்கும் முறையே மாறிப்போயிருந்தது. மந்தையோடு ஆள் படுப்பது நின்றுவிட்டது. காலையில் ஒரு நிலத்தில் வலையைக் கட்டி ஆடுகளை உள்ளே விட்டுவிட்டு, மறுநாள் வந்து எட்டிப் பார்த்தால் போதும் என்றாகியிருந்தது. அந்த வலையின் வேலை ஆடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. வெளியிலிருந்து ஒன்று உள்ளே வரக்கூடும் என்று யாரும் நினைத்துக் கட்டியதில்லை. 2023–24 கணக்கெடுப்பில் ஜெர்மனியில் 209 ஓநாய்க் கூட்டங்கள் இருந்தன. 2023-இல் ஓநாயால் செத்ததும் காயப்பட்டதும் காணாமல்போனதுமாக 5,700 அளவில் கால்நடைகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை செம்மறிகள். ஆகவே வேலியைப் பற்றிய வாதம் அங்கே இன்று தேர்தல் மேடை வரைக்கும் ஏறிவிட்டது. 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையனின் வீட்டுக் குட்டைக் குதிரையை ஓநாய் கொன்ற பிறகு அந்த மேடை இன்னும் உயர்ந்தது. வாதிடுவோர் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: வேலி ஓநாயைத் தடுக்குமா? என் எண்ணத்தில் அந்தக் கேள்விக்குப் போதுமான அளவு விடை கிடைத்துவிட்டது. விடை கிடைக்காமல் கிடப்பது வேறொன்று: வேலியைத் தினமும் யார் பார்த்துக்கொள்வது, அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

முதலில் வேலி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மின்வேலி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கண்முன் வருவது வேறு பொருள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகளைக் கொன்றது மின்சாரத்தைச் சட்டவிரோதமாக இழுத்து விட்ட கம்பி. ஓநாய்க்கான மின்வேலி அதற்கு நேர்மாறானது. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. விநாடிக்கு ஒரு தடவை அளவில், கண்ணிமைப்பதைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பாகப் போகும். அழுத்தம் பல ஆயிரம் வோல்ட் இருந்தாலும் நேரம் குறைவு என்பதால் வலிக்குமே தவிர உயிர் போகாது. ஓநாயின் உடலைப் போர்த்தியிருக்கும் அடர்ந்த மயிர் மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஈரமான மூக்குக்கு அந்தக் காப்பு இல்லை. நல்ல வேளையாக ஓநாய் புதிய பொருள் எதையும் முதலில் மோந்துதான் பார்க்கும். அதைவிட முக்கியம், தாண்டிக் குதிப்பது அதற்கு இரண்டாவது யோசனைதான். அடியில் புகவோ தோண்டவோ முடியுமா என்றுதான் முதலில் பார்க்கும். ஆகவே வேலியின் உயிர் மேல்கம்பியில் இல்லை, தரையிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாத அடிக்கம்பியில் இருக்கிறது. நிரந்தர வேலிக்கு ஜெர்மானியப் பரிந்துரை ஐந்து கம்பிகள்: 20, 40, 60, 90, 120 சென்டிமீட்டர் உயரங்களில். எடுத்துக் கட்டும் வலைக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள். 120 இருந்தால் நல்லது.

இவ்வளவும் காகிதத்தில். நிலத்தில் அந்த அடிக்கம்பிதான் முதலில் கெடுகிறது. தரையை ஒட்டி ஓடுவதால் புல் வளர்ந்து அதைத் தொடும். தொட்ட ஒவ்வொரு தாளும் கொஞ்சம் மின்சாரத்தை மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். மழைக்குப் பின் ஈரப்புல் நூறு இடத்தில் தொட்டால், வேலியின் மறுமுனையில் மூக்கை வைக்கும் ஓநாய்க்கு எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. மணற்பாங்கான நிலம் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் கம்பி அடித்திருந்தாலும் சுற்று சரியாக முழுமையடையாது. பள்ளம் இருக்கும் இடத்தில் வலை தொங்கிக்கொண்டு நிற்கும். அடியில் ஓநாய்க்கு ஒரு வாசல் திறந்திருக்கும். வாய்க்கால் ஓரம் வரை வலை கட்டிவிட்டு, தண்ணீரை நான்காவது பக்கமாக விட்டுவிடுகிற பழைய வழக்கமும் உண்டு; ஓநாய்க்கு நீந்தத் தெரியும். வலைச் சுருள் ஒன்று வழக்கமாக 50 மீட்டர். ஒரு ஹெக்டேர் சதுரத்தை வளைக்க எட்டுச் சுருள். மேய்ச்சல் தீர்ந்ததும் எட்டையும் பிடுங்கி, சுமந்து, அடுத்த நிலத்தில் நட்டு, வரம்புப் புல்லை அறுத்து, வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சில நூறு ஆடு வைத்திருப்பவர் ஒரே நாளில் இப்படிப் பல இடங்களில் செய்ய வேண்டியிருக்கலாம்.

இனி, தடுக்குமா என்ற கேள்வி. இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: ஊனுண்ணிகளிடமிருந்து கால்நடைகளைக் காக்கும் முறைகளைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம், நிரூபித்தவை சொற்பம். 1990 முதல் 2016 வரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், தடுப்பு வைத்த மந்தையையும் வைக்காத மந்தையையும் முறையாக ஒப்பிட்டவை 21 மட்டுமே என்று கண்டார்கள், மொத்தத்தில் 3.7 சதவீதம். வேலிதான் தீர்வு என்னும் வேலிக்காரர்களும் சுடுவதே தீர்வு என்னும் துப்பாக்கிக்காரர்களும் ஒரே மூச்சாக மேற்கோள் காட்டும் பல எண்களுக்கு அடியில் இவ்வளவுதான் தரை. இருந்தும் இருக்கிற நல்ல ஆய்வுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. மங்கோலியாவின் தோஸ்த் மலைகளில் பனிச்சிறுத்தையும் ஓநாயும் இரவில் புகும் பட்டிகளைச் சுற்றிக் கம்பிவலை எழுப்பிப் பார்த்தார்கள். அதற்குமுன் குடும்பத்துக்கு ஒரு குளிர்காலத்தில் சராசரி 3.9 ஆடுகள் இரவில் போய்க்கொண்டிருந்தன. வலைக்குள் அடைத்த பிறகு அந்த இரவு இழப்பு பூஜ்யமானது. பிரான்ஸின் ஆல்ப்ஸில், ஓநாய் 1992-இல் மெர்கான்தூர் பூங்காவுக்குத் திரும்பிய பிறகு நடந்த சேதங்களை அலசியவர்கள், இரவில் ஆடுகளை அடைத்து ஐந்து காவல் நாய்களை விட்டிருந்தால், கட்டற்று அலையவிட்ட மந்தையில் நடந்த சாவுகளில் 94 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அடைக்காமல் ஓரிடத்தில் கூட்டிவைத்து நாய்களை விட்டாலே 79 சதவீதம்.

இரவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது லடாக்கைப் பார்த்தால் விளங்கும். ஹெமிஸ் தேசியப் பூங்காவின் கிராமங்களில் 1990-களின் பிற்பகுதியில் எடுத்த கணக்கில், தாக்குதல்களில் ஏறத்தாழ 14 சதவீதம்தான் பட்டிக்குள் நடந்தவை. ஆனால் செத்த கால்நடைகளில் 38 சதவீதம் அந்தப் பட்டிகளில் செத்தவை. மலைச்சரிவில் பகலில் ஓநாய் ஒரு ஆட்டைப் பிடித்தால் மற்றவை சிதறி ஓடிவிடும். இடுப்பளவு கற்சுவருக்குள் கூரையில்லாமல் நெருக்கி அடைத்த மந்தையில் அவை ஓட இடமில்லை. ஒவ்வொன்றும் சுவரோரம் முட்டி மோதித் திரும்பும்போது, அந்த அசைவே மறுபடி மறுபடி பாயத் தூண்டுகிறது. உள்ளே புகுந்த விலங்கு தின்பதற்கு மேலே கொன்று தள்ளுகிறது. ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சொத்து மொத்தமும் போய்விடும். அடுத்த நாள் அந்த வீட்டார் கையில் விஷமோ பொறியோ எடுத்தால் அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் வாயில்லை. லடாக்கில் அதற்கென்றே பழைய பொறி ஒன்று உண்டு, ஷாங்டொங் என்பது பெயர். கல்லால் கட்டிய ஆழமான குழி. சுவர் மேலே போகப்போக உள்பக்கம் சாயும். உள்ளே உயிருள்ள ஆட்டைக் கட்டிப்போடுவார்கள். குதித்த ஓநாய்க்கு ஏறிவர வழியில்லை. ஊரே திரண்டு கல்லெறிந்து கொல்லும்.

ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சி போன்ற அமைப்புகள் அங்கே கொண்டுவந்த மாற்று, பார்வைக்கு அற்பமானது. கற்சுவரை உயர்த்துவது, குறுக்கே மரக்கம்புகளைப் போட்டு மேலே கம்பிவலை விரிப்பது, இடுக்கில்லாமல் பொருந்தும் கதவு ஒன்றை மாட்டுவது. வலை, மரம், கதவு வெளியிலிருந்து. கல்லும் உழைப்பும் ஊராருடையது. இதில் மின்சாரம் இல்லை, புல் அறுக்க வேண்டாம், வோல்ட்மீட்டர் வேண்டாம். மாலையில் கதவைச் சாத்த வேண்டும், அவ்வளவே. எப்படியும் அந்த ஊர்களில் ஆட்டை இரவில் அடைக்கத்தான் செய்கிறார்கள். கூரை அந்தப் பழக்கத்தின் மேல் கூடுதல் வேலை எதையும் ஏற்றவில்லை. வேலித் திட்டம் எது நிலைக்கும், எது ஓராண்டில் துருப்பிடிக்கும் என்று பிரிக்கும் கோடு இதுதான் என்று எனக்குப் படுகிறது. வலையின் தரமோ ஓநாயின் புத்தியோ அடுத்த பட்சம். அந்தத் தடுப்பு ஆளிடம் தினமும் எத்தனை மணிநேரம் கேட்கிறது என்பதே முதல் கேள்வி. சாங்தாங் பீடபூமியில் பஷ்மினா ஆடுகளோடு இடம்பெயரும் சாங்பாக்களிடம் போனால் லடாக்கின் இதே கூரை தடுமாறுகிறது. பருவத்துக்கொரு முகாம், முகாமுக்கொரு பட்டி. எல்லாவற்றுக்கும் கூரை போட முடியாது. அங்கே மறுபடியும் ஆள்தான் காவல்.

ஜெர்மனியின் கணக்குக்குத் திரும்புவோம். 2022-இல் அதன் மாநிலங்கள் தடுப்பு ஏற்பாடுகளுக்கு ஏறத்தாழ 1.8 கோடி யூரோ கொடுத்தன. செத்த கால்நடைகளுக்கான இழப்பீடு ஆறு லட்சம் யூரோ அளவுதான். முப்பது மடங்கு வேறுபாடு. இதை எடுத்துக்காட்டி, ஆட்டின் விலையைக் கொடுத்துவிட்டுப் போனால் மலிவாக முடியுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், ஆனால் கணக்கு பிழை. இழப்பீடு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணமே வேலிகள் நிற்பது. அதோடு, கொன்றது ஓநாயாக இருக்கலாம் என்று அதிகாரபூர்வ ஆய்வு ஏற்ற பிறகே பணம் வரும். மிரண்டு ஓடிய மந்தையில் கருக்கலைந்த ஆடுகளும், அதன்பின் ஆளைக் கண்டாலே வெருளும் ஆடுகளும் பெரும்பாலும் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. என் ஆட்சேபம் அந்த 1.8 கோடியின் அளவில் இல்லை, அது போகும் இடத்தில். அதில் பெரும்பங்கு பொருளுக்கு: வலை, கம்பி, மின்கருவி. 2018 இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம், தடுப்புச் செலவை நூறு சதவீதமும் அரசே ஏற்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. அப்போதும் பல இடங்களில் நூறு சதவீதம் என்பதற்குப் பொருளின் விலை என்றே அர்த்தம். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் கொடுக்க முன்வந்தவை சில மாநிலங்களே. பிரான்ஸ் இதில் வேறு வழியில் போயிற்று. அங்கே தடுப்புப் பணத்தின் பெரும்பகுதி மேய்ப்பரின் சம்பளமாகிறது. ஆனால் அங்கும் ஆண்டுக்குப் பத்தாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கால்நடைகள் போகின்றனவே என்று கேட்டால், ஆம், போகின்றன. ஓநாய் பரவும் வேகத்துக்கு மேய்ப்பர்கள் பெருகவில்லை. ஆயிரக்கணக்கில் ஆடுகளைக் கோடையில் மலையுச்சிக்கு ஏற்றிவிடும் முறையில் ஒரு மேய்ப்பரும் ஒரு வலையும் காக்கக்கூடியதற்கு எல்லை இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கிடை முறையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆல்ப்ஸ் மேய்ப்பர்கள் இரவில் அடைப்பதைப் பற்றிச் சொல்லும் பெரிய குறை, ஒரே இடத்தில் தினமும் அடைத்தால் புல் மிதிபட்டு, புழுக்கை குவிந்து அந்த இடம் பாழாகிறது என்பது. இராமநாதபுரத்து மேய்ப்பர்களான கீதாரிகளுக்கு அந்தப் புழுக்கையும் மூத்திரமும்தான் வருமானம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட நிலக்காரர் பணமோ நெல்லோ கொடுக்கிறார். அதற்காகவே பட்டி தினமும் நகர்கிறது, அதற்காகவே ஆளும் பட்டியோரம் படுக்கிறார். நரிக்கும் நாய்க்கும் திருடனுக்கும் காவல் என்பது அந்தக் கூலிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தக்காணத்தில், ஓநாய் உண்மையாகவே மந்தையைத் தொடரும் நிலத்தில், தங்கர் மேய்ப்பர்களின் இரவு வலையும் இதே ஏற்பாட்டில்தான் நிற்கிறது. நூல் வலை ஓநாயைத் தடுக்கும் அளவுக்கு வலுவானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது நிற்பது பக்கத்தில் ஆளும் நாயும் இருப்பதால். ஆள் இருப்பது உரத்துக்கு விலை இருப்பதால். ஐரோப்பாவில் செயற்கை உரம் அந்த விலையை எப்போதோ அழித்துவிட்டது. ஓநாய் திரும்பிவந்தபோது, காவலுக்கு மறைமுகமாகக் கூலி கொடுத்துக்கொண்டிருந்த பொருளாதாரம் அங்கே திரும்பி வரவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது, ஓநாய் கற்றுக்கொள்ளும் என்பது. கற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. கயிற்றில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டு ஓநாயை மிரட்டும் பழைய கிழக்கு ஐரோப்பிய வேட்டை உத்தியை வட அமெரிக்காவில் சோதித்தபோது, ஏறத்தாழ 60 நாள் வரைதான் அந்தப் பயம் நீடித்தது. மின்வேலியிலும் 2019-இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் ஜிடபிள்யூ924எம் என்று எண்ணிடப்பட்ட ஆண் ஓநாய், விதிப்படி கட்டிய வேலிகளைப் பலமுறை தாண்டி, அதைச் சுட அனுமதி கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இது எதைக் காட்டுகிறது? துணிக்கும் மின்கம்பிக்கும் வேறுபாடு, முதலாவது வெறும் மிரட்டல், இரண்டாவது தொட்டால் வலிக்கிறது. மிரட்டலைச் சோதித்துப் பார்க்கும் விலங்கு அது பொய் என்று அறிகிறது; மின்வேலியைச் சோதித்தால் பாடம் எதிர்த்திசையில் ஆழமாகிறது. மின்சாரம் இறங்கிப்போன வேலிதான் ஆபத்தானது. அதைத் தாண்டி வயிறு நிறைந்த ஓநாய்க்கு, அடுத்த வேலியும் தாண்டக்கூடியதே என்று தோன்றிவிடும். பாதி வேலி, வேலியே இல்லாததைவிடக் கேடு என்று மேய்ப்பர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. அதற்குத் தீர்வு இன்னும் உயரமான வேலி அல்ல, கவனிக்கப்படும் வேலி.

சுட்டுவிட்டால் என்ன என்ற வாதத்துக்கு இப்போது சட்டமும் இடம் கொடுத்துவிட்டது. 2024 டிசம்பரில் ஐரோப்பியக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான பெர்ன் ஒப்பந்த நாடுகள் ஓநாயின் பாதுகாப்பு நிலையை ஒரு படி இறக்க வாக்களித்தன; 2025-இல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் அதைப் பின்தொடர்ந்தது. துப்பாக்கியை முழுக்க மறுப்பவன் நான் இல்லை. வேலி தாண்டக் கற்ற ஒரு ஓநாயைச் சுடுவதும், ஒதுக்கீடு வைத்து எந்த ஓநாய் என்று பாராமல் சுடுவதும் ஒன்றல்ல. பொதுவேட்டை பல ஆண்டு நடந்த ஸ்லோவாக்கியாவில், சுட்ட எண்ணிக்கைக்கும் அடுத்து நேர்ந்த கால்நடை இழப்புக்கும் தொடர்பு இருந்ததற்கான சான்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் ஊகிக்க முடியாததல்ல: காட்டில் மானைத் தின்று வாழும் ஓநாயும் ஆட்டுப்பட்டிக்கு வரும் ஓநாயும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வேலி இருந்தால்தான் எது குற்றவாளி என்றே தெரியும். வேலி இல்லாத நிலத்தில் ஆட்டைப் பிடித்த ஓநாய் செய்தது அதன் இயல்பு மட்டும்தான். சுடும் அனுமதிக்குத் தரமான தடுப்பை முன்நிபந்தனையாக வைப்பதை வேலிக்காரர்களும் துப்பாக்கிக்காரர்களும் சேர்ந்தே பாதுகாக்க வேண்டும். நடைமுறையில் இருவருமே அதை ஒரு தொல்லையாகத்தான் பார்க்கிறார்கள்.

விடை சொல்ல முடியாத எதிர்வாதங்களும் உண்டு. வட கடல் ஓரத்துக் கரையணைகளில் ஆடுகள் மேய்வது புல்லுக்காக மட்டுமல்ல. அவற்றின் குளம்பு மண்ணை அழுத்தி அணையை இறுக்குகிறது, வெள்ளம் வந்தால் அணை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். மைல்கணக்கில் நீளும் அந்தச் சரிவின் இரு பக்கமும் மின்வலை கட்டுவது நடக்கிற காரியமில்லை; நடைபயணிகளின் வழியும் அதுவே. இந்த இடங்களில் ஓநாய் குடியேறுவதை விடக்கூடாது என்று கேட்கும் ஆடு வளர்ப்போரின் பேச்சை, காட்டுயிர் ஆர்வலர்கள் இன்னும் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்கலாம். அடுத்தது, ஒருவர் வேலி போட்டால் ஓநாய் அடுத்தவர் மந்தைக்குப் போகும் என்பது. அது உண்மை. ஆகவே தனிமனிதருக்கு விண்ணப்பத்தின்மேல் கொடுக்கும் மானியத்தைவிட, ஒரு ஓநாய்க் கூட்டத்தின் எல்லைக்குள் இருக்கும் மந்தைகள் அனைத்துக்கும் ஒரே பருவத்தில் கொடுப்பதே பயன்தரும். வலையில் முள்ளெலியும் மான்குட்டியும் மாட்டிச் சாகின்றன என்ற குறையும் பொய்யல்ல. மின்சாரம் இறங்கிப்போன வலையில் மான்குட்டி சிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், அதுவும் ஓரளவு பராமரிப்புக் கணக்கில் வந்து விழுகிறது. வேலி என்றதும் சிலர் நினைவில் எழும் ஆஸ்திரேலிய டிங்கோ வேலி, ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்றும் நிற்பதற்குக் காரணம், அதன்மேல் சம்பளத்துக்கு ரோந்து போகும் ஆட்கள்.

இந்த வாதத்தை ஓநாயே இல்லாத ஓரிடத்திலும் சோதித்துப் பார்க்கலாம். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளின் மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் கிளுவை முள்வேலிக்குள் செம்மறிகளை இரவும் பகலும் விட்டுவைப்பது தலைமுறைப் பழக்கம். அந்த உயிர்வேலி ஆடு வெளியேறாமல் இருக்க வளர்த்தது, லாவ்சிட்ஸின் பழைய வலையைப் போலவே. அடியில் நாய் புகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அண்மை ஆண்டுகளில் தெருநாய்க் கூட்டங்கள் இரவில் புகுந்து ஆடுகளைக் குதறிப் போட, விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். 2025-இல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. பத்து இருபது ஆடு வைத்திருப்பவருக்கு லடாக் வழி பொருந்தும்: மாலையில் அடைக்க, அடியில் கல் வைத்து இறுக்கிய கம்பிவலைப் பட்டி, பொருந்தும் கதவு, ஒரு தடவைச் செலவு. பெரிய கொறங்காட்டைச் சுற்றி வலை அடிக்க மானியம் கொடுத்தால், கிளுவையின் வேரும் கரையானும் மழைநீரும் அடிவலையைத் தூக்கிவிடும். சில மாதங்களுக்கொருமுறை சுற்றிவந்து பார்க்கிற ஆளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காவிட்டால் அந்த மானியம் வலை விற்கும் கடைக்குத்தான். நாய் விஷயத்தில் இன்னொரு வேறுபாடும் உண்டு. ஓநாயின் எண்ணிக்கையை அதன் இரையும் எல்லையும் கட்டுப்படுத்துகின்றன. தெருநாயின் எண்ணிக்கையை ஊரோரம் கொட்டும் கோழிக்கழிவு வளர்க்கிறது. அதை நிறுத்துவது உள்ளாட்சியின் வேலை, எந்த வேலிக்காரரும் அதைச் செய்துதர முடியாது.